பச்சை வந்தபின் பேசவும்

பச்சை வராமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது விசாரணை ஆணையத்தின் விதி. சாட்சி நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் பெரிய எழுத்தில் அதை எழுதி வைத்திருந்தார்கள்: ‘பச்சை வந்தபின் பேசவும்.’ பிரகாசியின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வியர்வைமானி அன்றும் சிவப்பாகவே இருந்தது. அது நிறம் மாறினால்தான் மேசைமேல் இருந்த பதிவி விழித்துக்கொள்ளும். அதுவரை அவள் என்ன சொன்னாலும் அதற்குக் கேட்காது.

“எக்கா, ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிடுங்க” என்றாள் எழுத்தர் சுபைதா. அவள் கையில் இருந்த தட்டில் ஒரு சமனியும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. “பத்து நிமிசம். கடகடன்னு சொல்லி முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிரலாம்.”

“போன வாய்தாவுலயும் இதத்தான் சொன்ன.”

“போன வாய்தாவுலயும் நீங்க போடலியே.”

“மொத நாள் போட்டேம்லா? போட்டுட்டு என்ன சொன்னேன்னு ஒனக்குத்தான் தெரியுமே. நீதான பதிஞ்ச?”

சுபைதா தட்டை மேசையில் வைத்தாள்.

விசாரணைக்கு வேறு இடம் கிடைக்காததால் துறைமுகச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். முந்தைய வாரம் நடந்த ஏதோ ஒரு கல்யாணத்தின் தெர்மாகோல் அன்னங்கள் இரண்டு இன்னும் மேடையில் நின்றன. அவற்றுக்கு நடுவில், மாப்பிள்ளை உட்காரும் இடத்தில், விசாரணை அதிகாரி நல்லபெருமாள் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி. நேர்மையானவர் என்று ஊரே சொன்னது. அவர் வியர்வைமானி பச்சையாக இருந்தது. கீழே ஆலையின் வழக்கறிஞர் கோகுல்நாத்தும் பச்சை. வாசலில் காவலுக்கு நின்றவரும் பச்சை. அந்த மண்டபத்தில் சிவப்பு அவள் ஒருத்திதான்.

சமனி வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆபத்து என்று உடம்பு நினைத்தால் கார்டிசால் சுரக்கும். இதயம் அடித்துக்கொள்ளும், தூக்கம் போகும், கால்கள் ஓடத் தயாராகும். வியர்வையில் அது கூடினால் வியர்வைமானி சிவக்கும். பயந்து ஓடப் புலி இல்லாத காலத்திலும், மேலாளருக்காகவும் பரீட்சைக்காகவும் உடம்பு அதைச் சுரந்துகொண்டே இருந்தது. சமனி என்ற அந்தச் சின்ன உருண்டைக்குள் இருந்த நொதி, சுரந்ததை உடனுக்குடன் தின்று தீர்த்தது. அது மருந்தல்ல, சத்துப்பொருள் என்று சட்டம் சொன்னதால் சீட்டு வேண்டாம்; பெட்டிக்கடையில் கடலை மிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்கியது. அதனால் நன்மை இல்லாமலும் இல்லை. ஊரில் ரத்தக்கொதிப்பு குறைந்தது. பேருந்தில் சண்டை குறைந்தது. பிரகாசியின் தங்கை டெல்பின் சின்ன வயதிலிருந்து நகம் கடிப்பவள். சமனி போட ஆரம்பித்த மூன்றாம் மாதம் அவள் பத்து விரலிலும் நகம் வளர்ந்து சாயம் பூசிக்கொண்டதைப் பிரகாசி பார்த்திருக்கிறாள்.

அக்காளும் தங்கையும் ஒரே இறால் ஆலையில்தான் வேலை பார்த்தார்கள். ஒரே மேசையில், எதிரெதிரே. டெல்பின் உரித்துத் தருவாள், பிரகாசி தரம் பார்த்து எடை போடுவாள். காலையில் வாசலில் எல்லோருக்கும் ஒரு கருப்பட்டிக் காப்பியும் ஒரு சமனியும் கொடுத்து உள்ளே விடுவார்கள்.

முன்பெல்லாம் அந்த ஆலையில் ஆபத்துக்கு ஊதும் சங்கு ஒன்று இருந்தது. ஒத்திகைக்காக அதை ஊதும்போதெல்லாம் பெண்களின் வியர்வைமானிகள் சிவப்பாகி, அரைநாள் வேலை கெட்டது. நலவாழ்வுப் பிரிவு சங்கைக் கழற்றச் சொன்னது. பாதுகாப்புப் பிரிவு யோசித்து, அதற்குப் பதிலாக ‘கூட்டு எச்சரிக்கை’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மனித உடம்பைவிடக் கூர்மையான கருவி எது? உள்ளே இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருடைய வியர்வைமானி ஒரே நேரத்தில் சிவப்பானால் கதவுகள் தானாகத் திறக்கும், எல்லோரையும் வெளியேறச் சொல்லும், தீயணைப்புக்குச் செய்தி போகும். அதற்காக அந்தப் பிரிவுக்கு விருதுகூடக் கிடைத்தது; கடற்கரையின் மற்ற ஆலைகளும் சங்கைக் கழற்றிவிட்டு அதையே வைத்துக்கொண்டன. காலையில் காப்பியோடு எல்லோருக்கும் சமனி கொடுப்பது நலவாழ்வுப் பிரிவு. எல்லோருடைய பயத்தையும் நம்பிக் கதவை வைத்திருப்பது பாதுகாப்புப் பிரிவு. இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான் இருந்தது. யாரும் அதில் ஏறி இறங்கிக் கேட்கவில்லை.

குளிர் அறைக் குழாய் வெடித்து அமோனியா கசிந்த நாளில், உள்ளே இருந்த நூற்று நாற்பது பேரில் ஒரே ஒரு வியர்வைமானிதான் சிவப்பானது. பிரகாசியுடையது. தைராய்டு பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு அவள் காப்பியும் குடிக்கவில்லை, சமனியும் போடவில்லை.

ஒருவர் மட்டும் சிவப்பானால் அந்த ஏற்பாட்டின் கணக்கில் அது ஆபத்து அல்ல, அவருடைய சொந்தப் பிரச்சினை. அவளை வாசலுக்குப் போய்ச் சமனி போட்டுவரச் சொல்லிச் செய்தி வந்தது; கதவு அவளுக்கு மட்டும் ஒருமுறை திறந்து மூடியது. அதற்குக் கீழ்ப்படிந்ததுபோல் அவள் உயிரோடு வெளியே வந்தாள். குளிர் அறைக்குப் பக்கத்து மேசைகளில் இருந்த பத்தொன்பது பேர் வரவில்லை. அவர்களில் டெல்பினும் ஒருத்தி.

முதல் நாள் விசாரணையில் சுபைதா நீட்டிய சமனியைப் பிரகாசி மறுக்காமல் போட்டுக்கொண்டாள். அழாமல் பேசிவிட வேண்டும் என்று அவளுக்கு அப்போது ஆசை. பத்து நிமிடத்தில் பச்சை வந்தது. நெஞ்சில் கிடந்த பாறையை யாரோ அலுங்காமல் தூக்கி அந்தப் பக்கம் வைத்ததுபோல் இருந்தது. கோகுல்நாத் எழுந்து மரியாதையாகக் கேட்டார். உள்ளே கூச்சல் குழப்பம் இருந்ததா? இல்லை. யாராவது வெளியேறவிடாமல் தடுத்தார்களா? இல்லை. உங்கள் தங்கை உதவி கேட்டாரா? கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எல்லாம் உண்மை. எல்லாம் பதிவானது. வீட்டுக்குப் போய் இரவு பத்து மணிக்குச் சமனி இறங்கியபோதுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு விளங்கியது. எச்சரிக்கை விடும் அளவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை, இறந்தவர்கள் தங்கள் கவனக்குறைவால் இறந்தார்கள் என்று ஆலை சொன்னதற்கு அவளே சாட்சி சொல்லியிருந்தாள்.

மறுநாளே, சொன்னதை மாற்ற வேண்டும் என்று மனு போட்டாள். அப்படி ஒரு மனு நிலுவையில் இருக்கும்வரை அறிக்கை எழுதக் கூடாது, அறிக்கை வராமல் ஆலையைத் திறக்கக் கூடாது. ஆனால் மனு போட்டவருக்கு மூன்று வாய்தாதான். மூன்றிலும் பச்சை வராவிட்டால் மனு செத்துப்போகும். இன்றைக்கு மூன்றாவது. ஆலை, முதல் தேதியில் முந்நூறு பெண்களைப் புதிதாக எடுத்து, அதே காப்பியோடும் அதே கூட்டு எச்சரிக்கையோடும் திறக்கத் தயாராக இருந்தது.

“அம்மா, உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்” என்றார் நல்லபெருமாள் மேடையிலிருந்து, கனிவாகச் சிரித்தபடி. “பயத்துல இருக்கிறவங்க ஞாபகம் கோணலா இருக்கும்னு ஆராய்ச்சி சொல்லுது. அதனாலதான் இந்த விதி. ஒண்ணு போட்டுக்கிட்டு நிதானமாச் சொல்லுங்க.”

“நிதானமாச் சொன்னேன் சார். அது பொய்யாப் போச்சு.”

“நீங்க சொன்னதுல எது பொய்?”

“ஒண்ணுமே பொய் இல்ல. எல்லாஞ் சேந்து பொய்.”

கோகுல்நாத் பாதி எழுந்தார். “ஐயா, பதிவி தூங்குது. இவங்க பேசுறது எதுவும் கணக்குல வராது.”

“கணக்குல வராட்டா போகட்டும். காதுல வருதுல்லா?” பிரகாசி நாற்காலியை விட்டு எழுந்து மேடைக்கு அருகே போனாள். காவலர் நகரவில்லை, அவருக்கு அதில் பதற்றப்பட ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னாள். கண் எரிந்ததை, மூச்சு முள்ளாகக் குத்தியதை, மேசையைச் சுற்றி ஓடித் தங்கையின் கையைப் பிடித்ததை, “ஏட்டி, வா ஓடிருவோம்” என்று இழுத்ததை. டெல்பின் இருமிக்கொண்டே சிரித்ததை. “எரியத்தான் செய்யுது, ஆனா ஒண்ணும் பயமா இல்லக்கா. ஒன் மூஞ்சியப் பாரு, பேய் அடிச்ச மாரி. போயி மாத்திரையப் போடு. இந்தத் தட்ட முடிச்சிட்டு வாரேன்” என்று அவள் சொன்னதை.

நல்லபெருமாள் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார்.

“ரொம்ப வருத்தமான விஷயம்மா.”

“வருத்தமான விஷயம்னு தெரியுதுல்லா சார் ஒங்களுக்கு?”

“தெரியுது.”

“வருத்தமா இருக்கா?”

 நேர்மையான மனிதர் என்று ஊர் சொன்னது சரிதான். தன்னைத்தானே ஒருமுறை தடவிப் பார்த்தவர்போல், “இல்லை” என்றார்.

“டெல்பினும் அப்பிடித்தான் சார். எரியுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுது. ஓடணும்னுதான் தோணல. நான் சொன்னது அவ காதுல விழுந்துச்சு. இப்ப நீங்க சிரிச்ச மாரிதான் அவளும் சிரிச்சா. சிவப்பா இருக்கதால எனக்குப் பேசத் தகுதி இல்லைங்கீங்க. பச்சையா இருக்க ஒங்களுக்குக் கேக்கத் தகுதி இருக்கா? நாலு நாள் இதப் போடாம இருந்து பாருங்க. அதுக்கப்புறம் நான் சொல்லுதேன். அப்பவும் வருத்தமான விஷயம்னு மட்டும் சொன்னீங்கன்னா, நானே இந்த மனுவக் கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்.”

 நல்லபெருமாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கையொப்பமிடும் அதிகாரி பச்சையில் இருக்க வேண்டும் என்று இருந்தது. கேட்கும் அதிகாரி எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. சிவப்பில் ஒருவர் கேட்க உட்காருவார் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

“இந்த வாய்தா இன்னும் முடியல. நாலு நாள் ஒத்திவைக்கிறேன்.”

“ஆட்சேபணை” என்றார் கோகுல்நாத், வழக்கம்போல் அமைதியாக.

நான்கு நாள் கழித்து வந்த நல்லபெருமாளைப் பிரகாசிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. மேடை ஏறியவர் அன்னங்களைப் பார்த்து நின்றார்.

“இந்தச் சனியன யாராவது எடுத்துத் தொலைங்களேன்!”

காவலர் திகைத்துப்போய் அன்னங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நல்லபெருமாள் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மன்னிச்சிக்கோங்கம்மா. முந்தாநாள் காலையில திடீர்னு எங்கம்மா ஞாபகம். அவங்க போயி ஆறு வருஷம் ஆச்சு. அன்னைக்கு எல்லாருக்கும் நான்தான் காப்பி ஊத்திக் கொடுத்தேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. இப்ப ஆறு வருஷத்துக்கும் சேத்து... சரி. நீங்க சொல்லுங்க.”

பிரகாசி சொன்னாள். முன்பு சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள்.

“கைய விட்டது நான்தான் சார். இழுத்தேன், வரல. ரெண்டாவது தடவ இழுத்திருக்கணும். எனக்கு உசுரு பயம். விட்டுட்டு ஓடியாந்துட்டேன். கதவுல ஒரு கண்ணாடி உண்டு. அது வழியாப் பாத்தேன். கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி கொட்டுது அவளுக்கு. முழங்கையால தொடச்சிக்கிட்டே எறாலத் தட்டுல அடுக்குதா. அடுக்கி, எடை போட்டு, எம் பேருல சீட்டு ஒட்டுதா. நான் இல்லைங்கதால எஞ் சோலியையும் சேத்துச் செய்யுதா சார். என்னப் பாத்துக் கைய ஆட்டுனா. அப்புறம் மேசமேல தலைய வச்சிக்கிட்டா, அசதியில தூங்குத மாரி. கதவ அடிச்சேன், ஒடைக்கப் பாத்தேன். உள்ள ஒருத்தர்கூட இந்தப் பக்கம் வந்து முட்டல. பத்தொம்போது பேரையும் அவங்கவங்க எடத்துல இருந்துதான் தூக்கினாங்க. பத்தொம்போது தட்டும் சுத்தமா இருந்துச்சி.”

நல்லபெருமாள் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“நான் பயந்தேன் சார். பயந்ததால ஓடுனேன். ஓடுனதால இருக்கேன். அதுக்கு வெக்கப்படணும்னு ஆலையில சொல்லுதாங்க, கோயில்ல சொல்லுதாங்க, ஆத்துப்படுத்த வந்த டாக்டரும் அதத்தான் சொன்னாரு. துக்கத்துக்குன்னு ரெட்டைச் சமனி இருக்காம், போட்டுக்கிடணுமாம். போட மாட்டேன். எந் தங்கச்சி செத்துருக்கா. எனக்கு வலிக்கணும்.”

நல்லபெருமாள் மேசையை ஓங்கி அறைந்தார். தண்ணீர்க் குவளை உருண்டு விழுந்தது. பிறகு ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். ஆலையைத் திறக்கக் கூடாது. கடற்கரையில் உள்ள நாற்பது ஆலைகளிலும் சங்கை மறுபடி மாட்ட வேண்டும். வேலை இடத்தில் யாருக்கும் சமனி கொடுக்கக் கூடாது. எழுதி முடித்துப் பதிவியின்மேல் கட்டைவிரலை வைத்தார்.

‘கையொப்பம் ஏற்கப்படவில்லை’ என்றது பதிவி. ‘அலுவலர் சிவப்பு நிலையில் இருக்கிறார்.’

கோகுல்நாத் சிரித்த முகத்துடன் எழுந்தார். “ஐயா மன அழுத்தத்துல இருக்கீங்க. இந்த நிலைமையில எழுதின உத்தரவு செல்லாது. வாய்தாவும் மூணு முடிஞ்சாச்சு.”

சுபைதா பழக்கதோஷத்தில் தட்டை எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். ஒரு சமனி, ஒரு குவளைத் தண்ணீர். “சார், பத்து நிமிசம். பச்சை வந்திரும். கையெழுத்துப் போட்டுரலாம்.”

நல்லபெருமாள் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு பிரகாசியைப் பார்த்தார்.

“பத்து நிமிஷம் கழிச்சு, இதுல கையெழுத்துப் போடணும்னு எனக்குத் தோணுமாம்மா?”

“தோணாது சார். கொஞ்சம் ஓவரா எழுதிட்டோமேன்னுதான் தோணும். நான் போட்டுப் பாத்தவ.”

அவர் உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். படி இறங்கிக் கீழே வந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு சுபைதாவிடம் ஒரு மனுப் படிவம் கேட்டார். “சமனி போட்டா என்ன ஆகும்கிறதுக்கு நானும் ஒரு சாட்சி. வருத்தமா இல்லைன்னு முன்னால சொன்னத நானும் மாத்திச் சொல்லணும். எனக்கு மூணு வாய்தா உண்டுல்ல?”

சுபைதா விதிப் புத்தகத்தைப் பார்த்தாள். “உண்டு சார்.”

“அதுவரைக்கும் அறிக்கை கிடையாது?”

“கிடையாது சார்.” அவள் முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக் குத்தினாள். எப்போதும் மெதுவாகக் குத்துபவள், அன்றைக்கு மேசை அதிரக் குத்தினாள். மறுநாளிலிருந்து அவளும் காலையில் காப்பியை மட்டும் குடித்தாள் என்பது பிரகாசிக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

புது அதிகாரியாக மதிவதனி என்ற சின்ன வயதுக்காரி வந்தாள். கெட்டிக்காரி. முதல் வாய்தாவில் நல்லபெருமாளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தாள். இரண்டாவதிலும் சிரித்தாள். மூன்றாவதில், “வருத்தமா இருக்காம்மா?” என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் பார்த்து, கிடைக்காமல், நான்கு நாள் ஒத்திவைத்தாள். அந்த நான்கு நாளுக்குப் பிறகு சாட்சிகளின் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கும் மூன்று வாய்தா இருந்தது. அவளுக்குப் பிறகு வந்தவருக்கும்.

புரிந்தவர் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்துப் போடக்கூடியவருக்குப் புரியாது. விதியை மாற்றலாம், ஆனால் சாட்சி பச்சையில்தான் பேச வேண்டும் என்று ஆணையத்திடம் வாதாடி அந்த விதியை வாங்கியதே ஆலைதான்; இப்போது அதை எடுக்கச் சொல்ல அதற்கு வாய் இல்லை. முதல் தேதி போய், பருவமழை வந்து, கிறிஸ்துமஸும் வந்தது. ஆலைக் கதவில் பூட்டு தொங்கியது. வேலை இல்லாத பெண்களில் சிலர் பிரகாசியைத் தெருவில் வைத்துத் திட்டினார்கள். வீட்டில் காப்பியோடு சமனி கொடுக்க ஆள் இல்லாததால் அவர்களுக்குக் கோபம் நன்றாக வந்தது. அவள் நின்று கேட்டுக்கொண்டாள். திட்டியவர்களில் நான்கு பேர் பிறகு தாங்களே மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். வடக்கே நான்கு ஆலைகளில் யாருடைய உத்தரவும் இல்லாமல் பெண்களே சங்கைத் தேடி எடுத்து மாட்டியதாகச் செய்தி வந்தது.

பிப்ரவரியில் ஒரு வாய்தா முடிந்து வெளியே வந்தபோது, மண்டபத்து வாசல் படியில் கோகுல்நாத் தனியாக உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, மடியில் கோப்பு, காதுக்குப் பின்னால் பச்சை.

“என்ன தம்பி, இங்க உக்காந்துட்டீங்க?”

“சும்மாதான்மா. வெயில் நல்லா இருக்கு.”

பிரகாசி இரண்டு படி தள்ளி நின்றாள். “மூணாவது அதிகாரியும் எங்க பெஞ்சுக்கு வந்தாச்சு. ஆலை தெறக்கல. அங்கங்க சங்கு மாட்டுதாங்க. ஒங்க மொதலாளி ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னாரே. போன வாரம் கூட்டம் போட்டோம். வழக்கு கையை விட்டுப் போயிட்டு இருக்குன்னு நானே படம் போட்டுக் காட்டினேன். உடனே ஏதாவது செய்யலைன்னா கம்பெனியே இருக்காதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.”

“பெறகு?”

“காப்பி குடிச்சோம். கலைஞ்சிட்டோம்.”

சொல்லிவிட்டு அவர் அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். பிரகாசி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த வாய்தாச் சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.